பெரம்பலூருக்கும் அதே சட்டமா?

பெரம்பலூர்,
ஐப்பசி 2002, மழை நாள்

சட்டக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வெற்றிச்செல்வி பணிவுடன் வணக்கம் சொல்லி எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்றுதான் எழுத நினைத்தேன். சட்டம் தெரிந்தவரிடம் பொய் சொன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருப்பதால், நலமில்லை என்றே எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான், பிழை இருந்தால் மன்னிக்கவும். என் பெயரைப் போட வேண்டாம். ஊரை மட்டும் போடவும், ஏனென்றால் என் கேள்வியே ஊரைப் பற்றியதுதான்.

நாங்கள் இருப்பது வாடகை வீடு. முன்பக்கம் வீட்டுக்காரர் ஹஃபீசாம்மா இருக்கிறார். அவர் கணவர் கவுஸ் மாமா சவூதியில் வேலை பார்க்கிறார். பின்பக்கம் அப்பா, அம்மா, நான். அப்பா வெள்ளையடிக்கும் வேலை செய்கிறார். ஊரில் பாதிச் சுவர் அவர் கை பட்டதுதான், சொந்தமாக ஒரு சுவர் கிடையாது. போன மாதம் டீக்கடையில் யாரோ, ஒரே வீட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தால் அது இருக்கிறவருக்கே சொந்தம், நடுவில் ஒரு நாள்கூட வீடு காலியாகக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். வருகிற தையோடு எங்களுக்குப் பன்னிரண்டு முடிகிறது. அன்று சாயங்காலம் அப்பா வந்து ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தார். "கொளஞ்சி, இனிமே இதை வாடகை வூடுன்னு சொல்லாதே" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டே, "அப்ப ஒழுகற ஓட்டை நீங்களே மாத்திருங்க" என்றார்.

அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது ஐயா. ஓடு ஒழுகுகிறது என்று ஹஃபீசாம்மாவிடம் மாதக்கணக்காகச் சண்டை போட்டது அப்பாதான். ஹஃபீசாம்மாவும் கடைசியில் கொத்தனார் மணிவண்ணன் அண்ணனை அனுப்பினார். ஏணியைச் சாத்தியவுடன் அப்பா ஓடி வந்து, "எங்க வூட்டு ஓட்டுல கை வைக்க நீ யாருப்பா?" என்றார். "அண்ணே, நீங்கதானே வரச் சொல்லி ரோட்டுல நின்னு கத்தினீங்க?" "அது அப்ப. வூட்டுக்காரம்மா ரிப்பேர் பண்ணினா வூடு அவங்களதுன்னு ஆயிடும், தெரியுமா?" மணிவண்ணன் அண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், மழை போகவில்லை. இப்போது சமையலறையில் ஈயச் சட்டி, என் பாயருகில் குண்டான், சாமி படத்துக்குக் கீழே தோசைமாவுப் பாத்திரம். அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார். "சொந்த வூட்டுல நனையறது சொகமா இருக்குங்களா?" என்று அம்மா கேட்டால் துண்டைப் பிழிந்து மறுபடியும் போட்டுக்கொள்கிறார்.

வாடகையும் கொடுக்கக் கூடாது என்றார் அப்பா. அம்மா அதைக் கறிவேப்பிலைக்கு அடியில் மறைத்து என்னிடம் கொடுப்பார், நான் கிணற்றடியில் ஹஃபீசாம்மாவிடம் கொடுப்பேன். இதைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம்.

வீடு காலியாகக் கூடாது என்பதால் எப்போதும் ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும். அந்த ஆள் நான். செந்துறையில் என் மாமன் மகள் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போனார்கள், நான் வீட்டில் இருந்தேன். செட்டிகுளம் முருகன் கோயிலுக்கும் என்னை விட்டுவிட்டுத்தான் போனார்கள். யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறேன் என்று முன்பெல்லாம் அப்பா திட்டுவார். இப்போது என் தலையைத் தடவி, "நீதாம்மா நம்ம அனுபோகம்" என்கிறார். வீட்டைக் கையில் வைத்திருப்பதற்குப் பத்திரத்தில் எழுதும் வார்த்தையாம் அது. நான் எப்படி அது ஆவேன் என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் சவூதியில் கவுஸ் மாமாவின் அறையில் தங்கியிருக்கும் யாரோ அவரிடமும் இதே பன்னிரண்டு வருடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஹஃபீசாம்மா கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏ புள்ள, எங்க வூட்டுக்காரரு போன்ல அழுவாத கொறதான். ஒரே ஒரு நாளு வூட்டைக் காலி பண்ணிக் குடுங்க, நான் ஒரு பூட்டைப் போட்டுக்கறேன். மறுநா வந்து புதுசாப் பால் காய்ச்சிட்டு இருங்க, நூறு வருஷம் வேணும்னாலும் இருங்க. உங்கத்தா கேக்க மாட்டேங்குறாரே, அல்லாவே!" அத்தா என்று அவர் சொல்வது அப்பாவைத்தான். அப்பாவிடம் சொன்னேன். "ஒரு நாளா? ஒரு நிமிஷம் நகர மாட்டேன்" என்றார். தைக்குள் நகராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மாமா சொல்லிவிட்டார். ஹஃபீசாம்மா வீட்டு மிஷினில்தான் நான் தையல் கற்றுக்கொள்கிறேன். நான் வாய் திறந்து பேசுவது அவர் ஒருவரிடம்தான். நாங்கள் தோற்றால் வீடு போய்விடும், ஜெயித்தால் ஹஃபீசாம்மா போய்விடுவார். எதற்குச் சாமி கும்பிடுவது என்று தெரியவில்லை.

அம்மா வேலை செய்யும் மெஸ்ஸிலிருந்து உங்கள் பத்திரிகை வந்தது. வாடகைக்கு இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் வீடு அவருக்குச் சொந்தமாகாது, அதே சமயம் முறைப்படி இல்லாமல் அவரை வெளியே தள்ளவும் முடியாது என்று சேலம் வாசகருக்கு எழுதியிருந்தீர்கள். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அது சேலத்துக்காரனுக்கு எழுதினது. போன வருஷம் அரியலூர் தனி ஜில்லா, இந்த வருஷம் மறுபடி நம்மகூட. ஜில்லாவே இப்படி மாறுது, சட்டம் மாறாதா?" என்றார். ஆகவே பெரம்பலூருக்கும் அதே சட்டம்தான் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி போடுங்கள் ஐயா. அரியலூரையும் சேர்த்தே போட்டுவிடுங்கள், நாளைக்கு எப்படி மாறுமோ.

தங்கள் பேனாவும் தங்கள் வீட்டுக் கூரையும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் போட வேண்டாம்

பின்குறிப்பு: இதைத் தபால் ஆபீஸில் நூல் கட்டிய பேனாவால் எழுதுகிறேன். அப்பா வாலிகண்டபுரத்தில் வேலையாக இருக்கிறார், அம்மா மெஸ்ஸில். யாரிடம் கொடுத்தாலும் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று நானே நடந்து வந்தேன். தபால்தலையை ஒட்டிய பிறகுதான், வீட்டில் யாருமே இல்லை என்பது உறைத்தது. வீட்டுக்கு ஓடத் திரும்பியபோது ஹஃபீசாம்மா மூச்சு வாங்க வந்தார். "ஏ புள்ள, வூட்டைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டியே! நான் என் பூட்டைப் போட்டுப் பூட்டிட்டு ஓடியாறேன்" என்று சாவியை என் கையில் வைத்தார். "நீங்கதானே வச்சுக்கணும்?" என்றேன். "நான் வச்சுக்கிட்டு? மழை வந்தா சட்டி எடுத்து வைக்க உள்ள ஆளு வேணாமா? வூடு காலியாக் கெடந்துச்சு, பூட்டினேன், அது போதும். சாயங்காலம் ரெண்டு பேரும் பால் காய்ச்சுவோம். எங்க வூட்டுக்காரருகிட்டப் பால்னு சொல்லிக்கறேன், உங்கத்தாகிட்டப் பாயசம்னு சொல்லிரு."

இனி நோட்டீஸ் வராது. ஆகவே ஐயா, பதில் வேண்டாம். பெரம்பலூர் என்று ஒரு வரியும் போட்டுவிடாதீர்கள், அப்பா இப்போது உங்கள் பகுதியை வாராவாரம் படிக்கிறார். தபால்தலை ஒட்டிவிட்டதால்தான் அனுப்புகிறேன்.