சென்சாரில் மூன்று புள்ளி

ஞாயிற்றுக்கிழமை தூங்கியே தீருவது என்று அவர் வெள்ளிக்கிழமையே முடிவு கட்டிவிட்டார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் பார்க்கிற உத்தியோகம். ஆறு நாளும் அடுத்தவர்களின் நொறுங்கிய கார்களைப் பார்ப்பவர், ஞாயிறன்றாவது தானும் நொறுங்கிக் கிடக்கக் கூடாதா?

கூடாது. மைத்துனன் மகளுக்குப் பிறந்தநாள். மனைவி வீட்டு விசேஷம் எதுவானாலும் படம் எடுப்பது இவர்தான். எட்டு வருடமாக அங்கே இவருக்குக் 'கேமரா மாமா' என்றுதான் பெயர். சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது, எடுத்த படம் ஒன்றிலும் இவர் கிடையாது. எல்லோரும் சாப்பிட்டு ஏப்பம் விடுவதையும் எடுத்து முடித்த பிறகுதான் இவருக்குத் தட்டு வரும். அலுத்துப் போயிருந்தார் மனிதர்.

ஆகவே ஒரு திட்டம் போட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஹால் சுவரைப் படம் எடுத்து, பெரிதாக்கி மனைவியிடம் நீட்டினார். வெள்ளைச் சுவரில் சாம்பல் நிறத்தில் மூன்று புள்ளி.

"இது என்ன தெரியுமா?"

"கொசு."

"தூசி! கேமராவுக்குள்ள சென்சார்னு ஒண்ணு இருக்கு. அது மேல விழுந்திருக்கு. இனிமே எதை எடுத்தாலும் இந்த மூணும் வரும். உன் தம்பி மூக்குல ஒண்ணு, உங்கம்மா நெத்தியில ஒண்ணு..."

"அச்சச்சோ! கடையில குடுங்களேன்."

"இப்ப மூடியிருப்பான். நாளைக்கு லீவு. நானே துடைச்சுடறேன். ஆனா லேசுப்பட்ட வேலை இல்லை. தூசியே இல்லாத ரூம் வேணும். ஃபேன் ஓடக் கூடாது, யாரும் உள்ள வரக் கூடாது, முழுசா நாலு மணி நேரம் ஆகும். நீங்கல்லாம் போயிட்டு வாங்க. எனக்குத்தான் குடுத்து வைக்கலை."

கடைசி வரியில் குரலைக் கொஞ்சம் தழுதழுக்கவும் விட்டார். இந்த வேலைக்குத் தோதான அறை படுக்கையறைதான் என்றும் சொல்லி வைத்தார். தூசி என்னவோ நிஜம்தான், ஆறு மாதமாக இருக்கிறது. நாலு மணி நேரம்தான் பொய்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இருபது வருட சர்வீஸ். பெரிய பெரிய டாக்டர்களையே "கை கழுவினீங்களா?" என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்பியவள். அவளிடம் போய் தூசி இல்லாத அறை வேண்டும் என்று வாயைக் கொடுத்திருக்கிறார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போர்வை உருவப்பட்டது.

"எழுந்திரிங்க. ரூமை ரெடி பண்ணணும்."

"கதவைச் சாத்தினா போதாதா?"

"சாத்தினா உள்ள இருக்கிற தூசி உள்ளதானே இருக்கும்? அந்த ஃபேன் றெக்கையைப் பாருங்க. அதுக்குக் கீழேயா கேமராவைத் திறப்பீங்க? ஏறுங்க ஸ்டூல்ல. மேலேர்ந்து கீழே வரணும். முதல்ல ஃபேன், அப்புறம் பரண், அப்புறம் அலமாரி, கடைசில தரை. தியேட்டர்ல அப்படித்தான்."

ஏறினார். ஃபேனைத் துடைத்தார், பரணைக் காலி செய்தார், மெத்தையைத் தூக்கித் தட்டினார். தும்மல் பதினேழு வந்தது. ஒன்பதரைக்குப் படுக்கையறை முடிந்தது.

"அப்போ நான் ஆரம்பிக்கட்டுமா?"

"ஹால்ல இருக்கிற தூசி இங்க நடந்து வராதா?"

"தூசி எப்படிடி நடக்கும்?"

"உங்க கால்லதான்."

ஹாலுக்கு வந்தார். அங்கேயும் ஃபேனைத் துடைத்தார், சோபாவை நகர்த்தினார், ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஹாலிலிருந்து சமையலறை, அங்கிருந்து மாடிப்படி. பாத்ரூமில் தூசி ஏது, ஈரம்தானே என்று கேட்டுப் பார்த்தார். ஈரம் காய்ந்தால் என்னவாம் என்றாள். மேற்பார்வைக்கு நடுவில் அவள் யாருடனோ ஃபோனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஒரு பொய்க்கு இவ்வளவு உழைப்பா என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது. குளித்தார். கேமராவைக் கட்டிலில் வைத்து, கதவைச் சாத்தி, அதன் பக்கத்தில் தானும் சாய்ந்தார். கண் சொக்கியது.

வாசல் மணி அடித்தது.

எழுந்து போய்ப் பார்த்தால் ஹால் நிறைய ஜனம். மைத்துனன், அவன் மனைவி, பிறந்தநாள் குழந்தை, மாமியார், இரண்டு அடுக்கு கேக். சற்றுமுன் துடைத்த ஃபேனில் யாரோ பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க அங்க போகலையா?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"அவன் வீட்ல சுவரை இடிச்சு வேலை நடக்குது, ஒரே சிமென்ட் தூசி," என்றாள் மனைவி. "கேமராவுக்கு ஆகாதே! அதான் இங்கேயே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டேன்."

மைத்துனன் சுற்றிலும் பார்த்து வாயைப் பிளந்தான். "மாமா, தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கே!"

அவரிடம் ஒரே ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது.

"எல்லாம் சரி. ஆனா சென்சாரை இன்னும் துடைக்கலை. இன்னிக்குப் படம் எடுக்க முடியாது."

மனைவி உள்ளே போய்க் கேமராவை எடுத்து வந்தாள். சுவரைப் பார்த்து ஒரு க்ளிக். பெரிதாக்கி நீட்டினாள். ஒரு புள்ளிகூட இல்லை.

"எ... எப்படி?"

"மெனுவுல ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா அதுவே உதறிக்குது. பத்து செகண்டுதான்."

"எப்ப அமுக்கினே?"

"நேத்தே," என்று கேமரா வாரை அவர் கழுத்தில் மாட்டினாள். "சொன்னா நீங்க ஸ்டூல்ல ஏற மாட்டீங்களேன்னுதான் சொல்லலை."