ரேங்க் கார்டுல விழுந்த முத்திரை

செஞ்சியில, கோட்டைக்குப் போற ரோட்டுல இருக்குற ஒரு பள்ளிக்கூடத்துக்கு ரேங்க் கார்டு அடிக்கிற சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தது நான்தான். போன மாசம் அதுல ஒரு சின்ன வேலை வந்துச்சு.

மார்க்கைக் கட்டம் போட்டு அழகா அச்சடிச்சுத் தர்றதுக்கு உள்ளுக்குள்ள ஒரு ரிப்போர்ட்டிங் சாஃப்ட்வேர் ஓடுது. அது நான் எழுதினது இல்ல, வருஷ வாடகைக்கு வாங்கினது. இந்த வருஷம் அந்தக் கம்பெனிக்காரன் வாடகையை டபுளாக்கிட்டான்.

ஹெட்மாஸ்டர் கூப்ட்டு, "இதுக்கு வாத்தியாருங்களை உக்கார வச்சு கையாலயே எழுதிடலாம்மா. கம்மி விலையில வேற பாரு"ன்னாரு.

"ரெண்டே நாள் சார்"னேன். இந்த வாய் இருக்குதே.

முதல்ல பாத்தது இலவசம். இங்கிலீஷை சூப்பரா அடிச்சுது. தமிழ்ல கோமதின்னு குடுத்தா, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிஞ்சு போயி, நடுவுல 'கமதி' பரிதாபமா நின்னுச்சு.

ரெண்டாவதும் இலவசம். எப்படி இன்ஸ்டால் பண்றதுன்னு படிக்கவே ஒரு நாள் போச்சு. இன்ஸ்டால் ஆனதும் என் லேப்டாப் படுத்துடுச்சு.

மூணாவதுதான் சரியா வந்துச்சு. விலை கம்மி, தமிழும் ஒழுங்கு. முப்பது நாள் சும்மாவே வச்சுப் பாக்கலாம். போன்ல சொன்னதும் ஹெட்மாஸ்டர், "கெட்டிக்காரிம்மா நீ"ன்னாரு. அந்த சந்தோஷத்துல முப்பது நாளை எண்ண மறந்துட்டேன்.

முப்பத்தோராவது நாள் பேரண்ட்ஸ் மீட்டிங்.

நான் போறதுக்குள்ள ஆபீஸ் அக்கா ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் கார்டு அடிச்சு, குடுத்தே முடிச்சுட்டாங்க. ஒன்னை வாங்கிப் பாத்தேன். கார்டு முழுக்க, குறுக்கால, சாம்பல் கலர்ல பெரிய எழுத்து: 'எவாலுவேஷன் ஒன்லி'.

'இன்னும் காசு கட்டல, சும்மா சோதிச்சுப் பாக்குறாங்க'ன்னு அர்த்தம். நாளை எண்ணிப் பாத்தேன், சும்மா குடுத்த முப்பது நாள் நேத்தோட முடிஞ்சிருந்துச்சு.

ஹெட்மாஸ்டர் அதே மாதிரி ஒரு கார்டோட வந்தாரு. தொலைஞ்சோம்னு நெனச்சேன்.

"இன்னாம்மா, சொல்லவே இல்ல? எவாலுவேஷன்னா மதிப்பீடு. முத்திரை மாதிரி போட்டிருக்குற, ரூபா நோட்டு கணக்கா இருக்குது. இனிமே எவனும் மார்க்கைத் திருத்த முடியாதில்ல?"

உண்மையைச் சொல்லியிருக்கணும். "ஆமா சார், செக்யூரிட்டிக்குத்தான்"னேன்.

மனசாட்சி உறுத்துச்சு. ஓரமா உக்காந்து, என் கைக்காசைக் கட்டி லைசென்ஸ் வாங்கிட்டேன். அதுக்கப்புறம் அடிச்ச ஒன்பதாவது, பத்தாவது கார்டெல்லாம் பளிச்சுன்னு வந்துச்சு. நிம்மதியா டீ குடிக்கப் போனேன்.

வந்து பாத்தா ஆபீஸ் வாசல்ல கூட்டம். முன்னாடி தொண்டூர்ல இருந்து வந்த ஒரு அம்மா, ரெண்டு பொண்ணுங்க கார்டையும் தூக்கிப் புடிச்சிட்டு நின்னாங்க.

"சின்னவளுக்கு முத்திரை போட்டிருக்குறீங்க. பெரியவளுக்கு ஏன் போடல? கணக்குல கம்மியா எடுத்துட்டான்னு ஒதுக்கி வைக்கிறீங்களா?"

பின்னாடி இருந்து ஒருத்தர், "முத்திரை இல்லாத கார்டு செல்லாதாமே. பத்தாவதும்மா, புள்ள வாழ்க்கை"ன்னாரு.

"யாருண்ணா சொன்னது?"

"ஹெட்மாஸ்டர்தான். இப்பதான் மைக்குல சொன்னாரு."

ஹெட்மாஸ்டர் என்னைத் தனியா கூப்ட்டாரு. "செக்யூரிட்டியை ஏம்மா எடுத்த?"ன்னு கேட்டாரு. குரல்ல கோவத்தை விட வருத்தம்தான் அதிகம்.

எல்லாத்தையும் சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தேன். ஜன்னலுக்கு வெளிய அந்தப் பெரிய பொண்ணு தலையைக் குனிஞ்சிட்டு நின்னுது. வாயை மூடிட்டு லேப்டாப்பைத் தொறந்தேன்.

அரை மணி நேரத்துல அதே எழுத்து, அதே சாம்பல், அதே சாய்வு. எல்லாத்தையும் மறுபடி அடிச்சோம். அந்தப் பொண்ணு கார்டை வாங்கி, முத்திரையை ஒரு தடவை விரலால தடவிப் பாத்துட்டு அம்மாகிட்ட நீட்டுச்சு. கணக்கு மார்க்கை யாரும் பாக்கல.

காசு கட்டி வாங்கின சாஃப்ட்வேர்ல, காசு கட்டலன்னு அச்சாகறதுக்கு உக்காந்து ப்ரோக்ராம் எழுதின டெவலப்பர் உலகத்துலயே நான் ஒருத்தியாதான் இருப்பேன்.