தாசில்தார் தூங்குகிறார்

“தாசில்தார் ஏன் சார் எப்பப் பார்த்தாலும் தூங்கிட்டே இருக்கார்?”

தரங்கம்பாடியிலிருந்து ஹாஃபிஸா அனுப்பிய குரல் பதிவை வாஞ்சிநாதன் மூன்று முறை கேட்டார். என்ன பதில் சொல்வது? தாசில்தார் தூங்கி நாற்பது நாளாகிவிட்டது. கொல்லையில், வாழைக்கு அந்தப் பக்கம், மூன்றடி ஆழத்தில்.

தாசில்தார் ஒரு நாய். வடக்கே பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ரயிலில் ஐந்து நாய்கள் தஞ்சாவூரில் வந்திறங்கின. ஹாஃபிஸாவையும் சேர்த்து, தத்து எடுத்த ஐந்து பேரும் ஒரு வாட்ஸப் குழு வைத்துக்கொண்டார்கள். வருவாய் ஆய்வாளராகவே ஓய்வு பெற்ற வாஞ்சிநாதன், தனக்குக் கிடைக்காத பதவியை நாய்க்குக் கொடுத்தார். அதுவும் பதவிக்குத் தகுந்தபடி நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் சோபாவில் கிடந்தது. எழுந்து நடந்தால் நீடாமங்கலமே ஒதுங்கி வழிவிட்டது.

மனைவி சரசா போன பிறகு அவரைத் தேடி வந்த குரல்கள் குழுவின் மற்ற நாலு பேருடையவைதான். காலை ஏழு மணிக்குக் கமலாம்பாள் கேட்பார்: “தாசில்தார் சாப்பிட்டாரா? நீங்க சாப்பிட்டீங்களா?” இரண்டாவது கேள்வியை அவரிடம் கேட்க உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

ஆனால் குழுவின் முதல் விதி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கமலாம்பாளே எழுதியது: நாய் இல்லாதவருக்குக் குழுவில் இடமில்லை.

அதனால்தான் அந்த ஐப்பசி மழையில் மண்வெட்டியைக் கழுவி வைத்த கையோடு பழைய படம் ஒன்றைப் போட்டார்: ‘தாசில்தார் தூங்குகிறார்.’ பொய் என்று எந்தக் கோர்ட்டும் சொல்ல முடியாது.

நாற்பது நாளும் தூக்கம் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கொஞ்சம் சுறுசுறுப்பு காட்டிவிடலாம் என்று நினைத்தார்.

“இன்னிக்கு லெவல் கிராசிங்லேர்ந்து எக்ஸ்பிரஸைத் துரத்தினார். ரயில் தோத்துப்போச்சு.”

உடனே கமலாம்பாள் போன் செய்தார். “அப்ப நம்ம குழுவோட மார்கழிக் கூட்டம் உங்க வீட்லதான் சார். அந்த ஓட்டத்தை எல்லாரும் பாக்கணும்.”

“கால் சுளுக்கிடுச்சேம்மா.”

“ஒரத்தநாட்லேர்ந்து மாட்டு டாக்டரையே கூட்டிட்டு வரேன்.”

“டாக்டரெல்லாம் வேண்டாம். இதோ சரியாயிடுச்சு, மாடிப்படி ஏறி இறங்கறார்.”

“எங்க நீலா படியைப் பார்த்தாலே நடுங்குவா. எப்படிப் பழக்கினீங்கன்னு கத்துக்கணும். ஞாயித்துக்கிழமை நாயோட வந்துடறோம்.”

டெல்டாவில் ஓட்டத்துக்கு நாய் வளர்ப்பவர் துரைராசு ஒருவர்தான். சனிக்கிழமை வாஞ்சிநாதன் அவர் வயலில் போய் நின்றார்.

“ஒரு நாளைக்கு ஒரு சிப்பிப்பாறை வேணும் துரைராசு. தூரத்துலேர்ந்து பார்த்தா கிரேஹவுண்ட் மாதிரி இருக்கணும்.”

“கிட்டத்துல பார்த்தா?”

“பார்க்க விடமாட்டேன்.”

“இவனைக் கூட்டிட்டுப் போங்க. சாது. பேரு கருவாடு.”

கருவாட்டை அடையாளம் தெரியாமல் மறைக்க, தாசில்தாரின் கம்பளிச் சட்டையை எடுத்தார். அதில் இன்னும் நாலைந்து வெள்ளை முடி ஒட்டியிருந்தது. பொத்தான் போட வெகுநேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வந்தார்கள். மார்கழிக் குளிராம், எல்லா நாயும் காது வரைக்கும் சட்டையில் இருந்தன.

“தாசில்தார், வாங்க” என்று வாஞ்சிநாதன் கூப்பிட்டார். கருவாடு திரும்பவில்லை. “காது மந்தம், வயசாச்சு பாருங்க.”

“நீலாவுக்கும்தான்” என்றார் கமலாம்பாள் அவசரமாக.

ஐந்து நாய்களும் ஒரே ஈற்றுக் குட்டிகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று புரண்டன.

“ரயில்ல ஒண்ணா வந்ததை மறக்குமா?” என்றாள் ஹாஃபிஸா.

யாரும் ஓடிக்காட்டச் சொல்லவில்லை. மாடிப்படியைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லோரும் போன வருஷக் கதையையே பேசினார்கள். கரண்ட் போனால் நீலா தன் மடியில் தலையை வைத்துக்கொள்வதைச் சொல்ல வந்த கமலாம்பாள், பாதியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாஞ்சிநாதனுக்கு மனசு தாங்கவில்லை. இவ்வளவு நல்லவர்களை ஏமாற்றுவதைவிடத் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். எழுந்து நின்றார்.

“உங்க எல்லார்கிட்டயும் ஒரு உண்மையைச் சொல்லணும்…”

வாசலில் லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. துரைராசு இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். ஐந்து பேரையும் பார்த்துக் கும்பிட்டார்.

“ஒவ்வொருத்தரா வந்து விட்டுட்டுப் போக வேணாம்னுதான் நானே வண்டி கொண்டாந்தேன், அஞ்சையும் ஏத்தி விட்டுடுங்க.”