உருளைக்கிழங்கின் தனிமையும் ஓர் அணு விஞ்ஞானியும்

கீங், கீங், கீங். மைக்ரோவேவ் அடுப்பு வேலை முடிந்து கூவும் அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வந்தாலும் போதும், என் காது மடல் சூடாகிவிடும். மற்றவர்களுக்கு அது சோறு சூடான செய்தி. எனக்கோ, நான் அணு விஞ்ஞானியாக வாழ்ந்த மூன்று வாரங்களின் நினைவு.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் நான் தேறியது, விடைத்தாள் திருத்தியவர் அன்று நல்ல மனநிலையில் இருந்ததால். பிழைப்புக்கு வங்கி வேலை, உயிர்ப்புக்கு உரைநடைக் கவிதை. (அது என்ன என்று என் மனைவி செண்பகத்திடம் கேட்டுவிடாதீர்கள். “வரியை மடக்கிப் போடச் சோம்பல்” என்பாள்.)

செண்பகம் மைக்ரோவேவ் வாங்கலாம் என்றாள். நான் கூடாது என்றேன். மறுநாள் மைக்ரோவேவ் வந்தது. வீட்டில் தோற்றவனுக்கென்றே கடவுள் வாட்ஸ்அப்பைப் படைத்திருக்கிறான். புனே தமிழர்கள் காலையில் ரோஜாப்பூவும் மாலையில் வீட்டு வைத்தியமும் பரிமாறிக்கொள்ளும் குழு ஒன்றில், பொங்கிய மனத்தோடு எழுதினேன்:

“அணுவின் கரு எதையும் மறப்பதில்லை. கதிர் ஒருமுறை தீண்டினால் போதும், அந்தத் தீண்டலை ஆயுள் முழுக்கச் சுமக்கும். அருகில் வருவோர்க்கும் ஊட்டும். மைக்ரோவேவுக்குள் சுழலும் உருளைக்கிழங்கின் தனிமையை யார் அறிவார்?”

கடைசியில், செம்புச் சொம்பில் ஊறிய வெந்தயத் தண்ணீரை மாற்று மருந்தாகவும் சேர்த்தேன். (பரிகாரம் இல்லாத பதிவை யாரும் பகிர்வதில்லை.)

குழுவில் மேகலா என்றொரு கோயமுத்தூர்ப் பெண். படித்தது இயற்பியல், பார்ப்பது கணினி வேலை. “சார், மைக்ரோவேவ் அணுக்கருவைத் தொடவே தொடாதுங்க. சாப்பாட்டுல இருக்கற தண்ணியத்தான் சூடு பண்ணுது. நீங்க சொல்றதுக்கு ஆதாரம் ஏதாச்சும் இருக்குங்களா?” என்று எழுதினாள்.

“நிலவுக்கு ஆதாரம் கேட்பாயா, தங்கையே?” என்று பதில் போட்டேன். குழு என் மேல் பூங்கொத்துகளாகக் கொட்டியது. நிலவுக்கு ஆதாரம் ஏராளமாக இருக்கிறது என்பது அன்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

மூன்று வாரம் போயிற்று. செண்பகத்தின் அண்ணன், நான் அத்தான் என்று அழைப்பவர், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று, புனே விமானப்படைத் தளத்தை ஒட்டிய லோஹேகாவில் இருக்கிறார். அவர் கழுத்தில் ஒரு கட்டி. கதிரியக்க மருந்தைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றித் தைராய்டை ஸ்கேன் எடுத்தால்தான் மேற்கொண்டு என்ன செய்வதென்று சொல்ல முடியும் என்றார் மருத்துவர். தேதி கொடுத்தார்கள், அத்தான் போகவில்லை. இன்னொரு தேதி கொடுத்தார்கள், அதற்கும் போகவில்லை. ஏன் என்று கேட்ட தங்கைக்கு ஒரு செய்தியைத் தள்ளிவிட்டார்.

‘பிரபல அணு விஞ்ஞானி எழுதியது. அனைவருக்கும் பகிரவும்’ என்ற மகுடம். அதன் கீழே, ஓர் எழுத்துப் பிசகாமல், என் பதிவு. அதற்கும் கீழே அத்தானின் சொந்த வரி: “அடுத்த வாரம் பேத்தி முதமுதலா வாரா. ஊசி போட்டுக்கிட்டா நான் எப்படிப் பிள்ளையைத் தூக்குவேன்?”

செண்பகம் படித்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அளக்க எந்த ஆய்வுக்கூடத்திலும் கருவி கிடையாது.

வேறு வழியின்றி மேகலாவை அழைத்தேன்.

“அணுவுக்கு ஞாபகமே கிடையாதுங்க சார்” என்றாள். “தனக்கு எத்தன வயசுன்னுகூட அதுக்குத் தெரியாது. அந்த ஸ்கேனுக்கு வழக்கமாக் குடுக்கற மருந்து ஆறு மணி நேரத்துல பாதியாயிரும். அடுத்த ஆறுல அதுலயும் பாதி. கைக்குழந்தைய எப்பத் தூக்கலாம்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லுவாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “நிலாவுக்கு ஆதாரம் அனுப்பி வெக்கட்டுங்களா?” என்றாள்.

அன்று மாலையே லோஹேகாவ். அத்தான் பால்கனியில் உட்கார்ந்திருந்தார், கழுத்தைச் சுற்றித் துண்டு. நான் தொண்டையைச் செருமி, “அத்தான், அந்தப் பதிவை எழுதினது...” என்று தொடங்கினேன். தலைக்கு மேல் ஒரு போர் விமானம் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

“என்ன மாப்ளே? கேக்கல.”

“எழுதினது நான்...” இரண்டாவது விமானம். (அவை ஜோடியாகத்தான் பறக்குமாம். யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.)

மூன்றாம் முறை, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: “அந்த அணு விஞ்ஞானி நான்தான்!” விமானங்கள் அதற்குள் போய்விட்டிருந்தன. எதிர்க் கட்டடத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மராத்தி அம்மாள் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு என்னை நோக்கிக் கும்பிட்டார். (‘அணு’வும் ‘விஞ்ஞான’மும் மராத்தியிலும் உண்டு.)

அத்தான் சிரித்துவிட்டார். “நீங்களா? ஃபியூஸ் போனா ஆளைக் கூப்பிடுதவரு நீங்க. என் பயத்தைப் போக்கணும்னு பொய் சொல்லுதீங்க, மாப்ளே.”

“இல்ல அத்தான், சத்தியமா...”

“நீங்க எழுதினா எனக்கு ஒரு வரி புரியாதே! இது முழுசும் புரிஞ்சுச்சு.”

இருபது வருட எழுத்து வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விமர்சனம் அது. சட்டைப் பையிலிருந்த பேனாவை அங்கேயே தூக்கி எறிந்திருப்பேன். செண்பகம்தான் அண்ணனின் கைப்பேசியைப் பிடுங்கினாள்.

“அண்ணே, இதைப் படி. ‘உருளைக்கிழங்கின் தனிமை.’ எந்த விஞ்ஞானி கிழங்குக்குத் தனிமைன்னு எழுதுவான்? இந்தப் புனேயில அப்படி ஒரு ஆளுதான் இருக்காரு. அவரு கூடத்தான் நான் குடும்பம் நடத்துதேன்.”

அத்தான் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். “அட, ஆமா” என்றவர் முகத்தில், இத்தனை நாள் நம்பிய மேதை ஒருவர் காலமானதைப் போன்ற துக்கம். பிறகு துண்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: “அப்ப, பிள்ளையைத் தூக்கலாமா?”

அந்தக் கேள்வி என்னை அடித்த மாதிரி வேறெதுவும் அடித்ததில்லை. “தூக்கலாம் அத்தான்” என்று சொல்லி, புதுத் தேதி கேட்க அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

பேத்தி வந்த வாரத்திலேயே ஸ்கேனுக்கு நானே கூட்டிப்போனேன். மாத்திரையில் அடங்கக்கூடிய கட்டிதான் என்றார்கள். அன்று ஒரு நாள் மட்டும் குழந்தையிடமிருந்து தள்ளி இருக்கச் சொன்னார்கள். அத்தான் தன் கணக்குக்கு இரண்டு நாள் இருந்தார். குழுவில் நான் போட்ட மன்னிப்புக் கடிதத்தை எண்ணி ஆறு பேர் படித்தார்கள். அசல் பதிவு இன்னும் ஊர் சுற்றுகிறது. எங்கள் குடும்பத்திலோ இன்றுவரை மிக்ஸி நின்றாலும், வைஃபை நின்றாலும் ஒரே குரல்: “விஞ்ஞானியைக் கூப்பிடு!”

மறு வாரம் பேத்தியைப் பார்க்கப் போயிருந்தோம். கிளம்பும்போது அத்தான் வாசல்வரை வந்தார். தோளில் குழந்தை, சட்டையில் எச்சில் கோடு. நான் ஸ்கூட்டர் சாவியைத் திருகினேன். செண்பகம் பின்னால் ஏறினாள். அத்தான் பதறிக் கையைக் காட்டி, கிசுகிசுத்தார்:

“ஸ்டார்ட் பண்ணாதீங்க மாப்ளே. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டே போங்க, பிள்ளை இப்பத்தான் கண்ணசந்திருக்கு.”