டொலறசுக்குத் தெரியாத திறப்பு

ஃபாரஸ்ட் கேட்டில் வாழும் தமிழர் எவரையும் இதுவரை மான் தாக்கியதாகத் தகவல் இல்லை. ஆயினும், அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் திருவாளர் செபமாலைமுத்து அவர்கள், தமக்கொரு பெரிய துவக்கு இன்றியமையாதது என்ற முடிவுக்கு வந்தார்.

அவரை அந்த முடிவுக்குத் தள்ளியது மான் அல்ல, எட்வேட். எங்கள் ஆட்களுக்கு எந்த மோகமும் காய்ச்சல் மாதிரித்தான், ஒருவருக்கு வந்தால் தெருவுக்கே வரும். ஒரு காலம் எல்லாரும் வீட்டுக்குப் பின்னால் கண்ணாடி அறை கட்டினார்கள். பிறகு பிள்ளைகளின் முதல்நன்மைச் சடங்குக்குக் குதிரை வண்டி பிடித்தார்கள். அது தணிந்த வேளையில், கோயில் பங்கின் திருவிழாக் கமிட்டித் தலைவரான எட்வேட் ஸ்கொட்லாந்துக்குப் போய் ஒரு மானைச் சுட்டுவிட்டு வந்து, முழங்கால் வரை சொக்ஸும் தடித்த கம்பளிக் கோட்டுமாக ஆடி மாத வெயிலில் பூசைக்கு நின்றார். வியர்வை கழுத்தால் ஓடியது. பொத்தானை மட்டும் அவர் கழற்றவில்லை. கோடை முடிவதற்குள் பங்கில் இன்னும் நாலு பேர் துவக்கு அனுமதி எடுத்துவிட்டார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் செபமாலைமுத்து தன் பாட்டுக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டு இருந்திருப்பார். ஆனால் திருவிழா அன்று மாதா சுரூபத்தைத் தோளில் தூக்கிச் செல்லும்போது, முன்பக்க வலது தண்டு அவருடையது. குரோய்டனில் அகதி விசாரணைக்கு விறைக்க விறைக்க வரிசையில் நின்ற நாளில், “தாயே, விசா கிடைச்சால் உன்னைச் சாகும்வரைக்கும் சுமப்பன்” என்று வைத்த நேர்த்தி அது. மாதா தன் பங்கைச் செய்துவிட்டார். இவரும் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

அந்தத் தண்டில் எட்வேட் கை வைத்தார்.

“முத்து, குறை நினையாதை. முன்தண்டுக்குத் தோள் உறுதி வேணும். துவக்கு இடிச்சுப் பழகின தோளெல்லே உறுதி? இனி அனுமதி வைச்சிருக்கிறவைக்குத்தான் தண்டு. கமிட்டி முடிவு.”

“எட்வேட் அண்ணை, அது என்ரை நேர்த்தி.”

“நேர்த்தியைப் பின்னாலை நடந்தும் செலுத்தலாம்.”

அன்றிரவு செபமாலைமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. ஹூஸ்டனில் இருக்கும் மைத்துனன் ஜெஸ்ரினுக்குப் போன் எடுத்தார். ஜெஸ்ரின் தன் துவக்கைத் தானே மதிப்பீடு செய்து ஒரு வீடியோ அனுப்பினான். பெரிய குண்டு போடுகிற செமி-ஓட்டோமற்றிக். “அத்தான், விரலை அமத்திறது மட்டும்தான் எங்கட வேலை. அடுத்த குண்டை அது தானாய் ஏத்தும்.” சொல்லாமல் வேலை செய்யும் எவரையும் தன் கடையில் கண்டறியாத செபமாலைமுத்து, அந்த இடத்திலேயே மயங்கிப்போனார்.

விண்ணப்பம் ‘சுடுகலன் நற்காரண மதிப்பீட்டுப் பிரிவு’ என்னும் கந்தோருக்குப் போயிற்று. அங்கே அதிகாரி விட்கோம் அவரை எதிரே இருத்தினார்.

“எந்தக் காரணத்துக்காகத் தாங்கள் துப்பாக்கி கோருகிறீர்கள்?”

“பாதுகாப்புக்கு.”

விட்கோமின் பேனா நின்றது. “பாதுகாப்புக்காகக் கேட்பவர்கள் ஆபத்தானவர்கள். எதையாவது கொல்ல விரும்புவதாகச் சொன்னால் பரிசீலிக்கலாம்.”

“அப்ப... மானை.”

“மிக்க நன்று. துப்பாக்கியோடு முன்அனுபவம் உண்டா?”

“கனக்க இருக்கு. ஆனால் எப்பவும் அதுக்கு முன்னாலைதான் நிண்டனான்.”

‘அனுபவம் உண்டு, ஒரு பக்கம் மட்டும்’ என்று விட்கோம் குறித்துக்கொண்டார். பிறகு, பெரிய குண்டு போடும் செமி-ஓட்டோமற்றிக் இந்த நாட்டில் தனியாருக்குத் தடை என்றும், ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ளும் வகைதான் கிடைக்கும் என்றும் அறிவித்தார்.

“ஏன் சேர்?”

“ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் நடுவே யோசிக்க உங்களுக்கு அவகாசம் தரப்படுகிறது.”

“அந்த நேரத்திலை மானும் யோசிக்குமே?”

“மான் விண்ணப்பிக்கவில்லை.”

சட்டன் என்னும் ஊருக்கு அப்பால், ஒரு துவக்குக் கழகத்தின் சுடுகளத்தில் மாதக்கணக்காகப் பயிற்சி நடந்தது. முதல் வெடியிலேயே தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. கழகத்தின் துவக்கைப் பற்றிப் புதியவர்கள் தம் மதிப்பீட்டைச் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். செபமாலைமுத்து எழுந்து நின்று, “சுடுறவனையும் சுடப்படுறதையும் பேதம் பாராமல் நடத்திற சாமான்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டில் மனைவி டொலறஸ் தைலம் தேய்த்துக்கொண்டே, “இந்தத் தோளாலை மாதாவைத் தூக்கப் போறீங்களோ?” என்று கேட்டாள்.

கடைசிக் கட்டம் இரும்பு அலுமாரி. அதைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அதன் திறப்பு, அதாவது சாவி, எங்கே இருக்கிறது என்பது அனுமதி பெறுபவரைத் தவிர எவருக்கும் தெரியக் கூடாது. மனைவிக்கும்தான். விட்கோம் வீட்டுக்கே வந்தார். றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்து உபசரித்தார்கள்.

“அம்மணி, திறப்பு எங்கே என்று தங்களுக்குத் தெரியுமா?”

“ஓம். பழைய சப்பாத்துக்குள்ளை. இடது கால்.”

விட்கோம் றோல்ஸைக் கீழே வைத்தார். மறுமுறை வந்தபோது திறப்பு மா வாளிக்குள் இருந்தது. “என்ரை மனிசன் குசினிப் பக்கம் வாறதே இல்லை. அண்டைக்கு மட்டும் வந்து மா எவ்வளவு இருக்கெண்டு கேட்டவர்” என்றாள் டொலறஸ். அதற்கும் அடுத்த முறை, “மூண்டு நாளாய் றோசாச் செடியைப் பாத்துச் சிரிக்கிறார்” என்றாள். விட்கோம் தோட்டத்துக்குப் போய்க் கிண்டிப் பார்த்துவிட்டுக் கை கழுவினார்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டது. காரணம், ‘இல்லறத்தில் வெளிப்படைத்தன்மை அனுமதிக்கப்பட்ட அளவை மீறியுள்ளது.’

வாசலில் டொலறஸ் அவரை மறித்தாள். “அப்ப மற்ற ஆக்களுக்கு எப்பிடிக் குடுத்தனீங்கள்?”

“பெயர் சொல்ல விதியில்லை. பொதுவாகச் சொன்னால், உங்கள் பங்கில் வேறெந்த வீட்டிலும் இந்தச் சிக்கல் எழவில்லை. அங்குள்ள மனைவியருக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. முன்மாதிரியான குடும்பங்கள்.”

அன்று செபமாலைமுத்து மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்து அழுததை டொலறஸ் கதவிடுக்கால் பார்த்தாள். இத்தனை வருட வாழ்க்கையில் அவர் போரில் வீடு போனதுக்கு அழவில்லை, தகப்பன் செத்ததுக்கு அழவில்லை. ஒரு தண்டுக்கு அழுதார். அவளுக்கு நெஞ்சு தாங்கவில்லை. காலையில் விட்கோமுக்குப் போன் எடுத்து, வீட்டுக்காரர் திறப்பு வைக்கிற இடத்தை மாற்றிவிட்டார், திரும்ப வந்து கேளுங்கோ என்றாள்.

அவர் வந்து கேட்டார். திறப்பு பியானோவுக்குப் பின்னால் இருப்பதை நன்றாக அறிந்த டொலறஸ், வாழ்க்கையில் முதல் தடவையாக, “எனக்குத் தெரியாது” என்றாள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்து, சாமியார் கொடுத்த செபத்தைச் சொல்லி முடித்தாள். கணவரிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

ஆனால் விட்கோம் திரும்பி வருவதற்கு முந்திய ஞாயிறு ஒரு தவறு நடந்துவிட்டது. பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, எட்வேட்டின் மனைவி றொசாந்தியிடம் அவள் மனம்விட்டு அழுதிருந்தாள். “நீங்கள் எல்லாரும் குடுத்து வைச்சனீங்களக்கா. உங்களுக்கு ஒண்டுமே தெரியாதெண்டு அந்த வெள்ளைக்காரன் புழுகிறான். எனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சு இந்தக் கேடு.”

றொசாந்தி கோப்பையை மெல்ல வைத்தாள். “ஒண்டுமே எண்டோ சொன்னவன்?”

அடுத்த கிழமைக்குள், மனைவியரின் பிடிவாதத்தால், பங்கின் மற்ற இரும்பு அலுமாரிகள் அத்தனையும் திறக்கப்பட்டன. ஓர் அலுமாரியில் இரண்டாவது போன் இருந்தது. இன்னொன்றில் தம்பியின் பெயரில் வாங்கிய காணி உறுதி. எட்வேட்டின் அலுமாரியில் துவக்கைத் தவிர எல்லாம் இருந்தது. அந்த ஸ்கொட்லாந்து மான் கடையில் உறைந்த இறைச்சிப் பெட்டியாக வாங்கப்பட்டதற்கான ரசீதும் அதில் அடக்கம். ஆண்கள் விழுந்து மன்னிப்புக் கேட்டார்கள். அனுமதிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. திருவிழாக் கமிட்டி கலைக்கப்பட்டு, றொசாந்தி தலைமையில் புதுக் கமிட்டி வந்தது.

புதுக் கமிட்டி முதல் கூட்டம் கூடிய மாலையில்தான், கடையே கதியென்று இருந்து இது எதையும் அறியாத செபமாலைமுத்து, தபாலில் வந்த அனுமதியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மண்டபத்துக்குள் நுழைந்தார்.

“கிடைச்சிட்டுது! இனி என்ரை தண்டை ஒருத்தராலும் பறிக்க ஏலாது!”

எல்லாப் பெண்களின் கண்ணும் டொலறசின் பக்கம் திரும்பியது.

“அப்ப திறப்பு எங்கை எண்டு இவளுக்குத் தெரியாதோ?” என்றாள் றொசாந்தி.

டொலறஸ் வாயைத் திறந்து, மூடினாள். தெரியும் என்றால் அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவள். தெரியாது என்றால் புருசன் கள்ளன். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிதான்.

“அனுமதி வைச்சிருக்கிற ஒருத்தரும் தண்டைத் தொடக்கூடாது. கமிட்டி முடிவு” என்றாள் றொசாந்தி. “முன்தண்டு இந்த முறை எட்வேட்டுக்கு. மனந்திரும்பினவர்.”

“நானும் திருப்பிக் குடுக்கிறன், தங்கச்சி! இப்பவே குடுக்கிறன்!”

“மற்றவை ஒளிச்சதையெல்லாம் மேசையிலை போட்டுத்தான் மன்னிப்பு வாங்கினவை. நீங்கள் என்னத்தை ஒளிச்சனீங்கள்? சொல்லுங்கோ.”

செபமாலைமுத்து யோசித்தார். உண்மையிலேயே கடினமாக யோசித்தார். மன்னிப்புப் பெறுவதற்குத் தகுந்ததாக அவரிடம் ஒரு துரும்புகூட இல்லை.

“நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை.”

“பாத்தியளே,” என்றாள் றொசாந்தி, “இன்னும் ஒளிக்கிறார்.”

பெண்கள் டொலறசைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்தாள், ஒருத்தி முதுகைத் தடவினாள். பின்னால் நின்ற ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

“பாவம் டொலறஸ். அவளுக்கு ஒண்டுமே தெரியாது.”