இரண்டு வாசிதிக்கு ஒரு கனடா

என் கம்பளியே,

உன்னை இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட இனி நான் ஒருத்திதான் மிச்சம். கனடாவிலிருந்து திரும்பி இத்தனை வருஷமாகியும், நம் தீவின் சிகடோகா சந்தை வெயிலில்கூட அந்தக் கம்பளித் தொப்பியைக் கழற்றாத ஆள் நீ. தொப்பி ஆணியில் தொங்குகிறது. பூனைக்கு அதன்மேல் ஒரு கண், நான் விடவில்லை. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கக் கூடாதாம்; மண்ணுக்குள் போனவர்களுக்குக் கடிதம் எதற்கு, ஜெபம் போதும் என்கிறாள் போதகர் மனைவி. ஜெபத்தில் எனக்கு நாலு வரிக்குமேல் வருவதில்லை, அதற்குள் ஆமென் வந்துவிடுகிறது. நீ முதலில் தனியாகக் கனடா மீன் தொழிற்சாலைக்குப் போனபோது எழுதினேனே, அப்படியே எழுதிவிடுகிறேன். என் எழுத்தை அப்போதும் நீ கேலி செய்ததில்லை.

விஷயம் நம் மகளைப் பற்றி. நர்ஸ் படிக்கக் கனடாவிலுள்ள ஒரு யூனிவர்சிட்டிக்கு மனுப் போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது பிடித்த ஆசை. அங்கே பிறந்ததால் அவள் அந்த நாட்டுப் பிரஜை, அவர்கள் பிள்ளைகள் கட்டுகிற பீஸைத்தான் இவளும் கட்ட வேண்டியிருக்கும் என்று சுமிந்த்ரா டீச்சர் கிளப்பிவிட்டார். கம்ப்யூட்டர் கேட்ட முதல் கேள்வி, நீ கனடாக்காரியா? ஆம் என்று அழுத்தினாள், நான்கூட நிமிர்ந்து உட்கார்ந்தேன். எந்த மாகாணத்தில் குடியிருக்கிறாய்? எதிலும் இல்லை. அங்கே கடைசியாகப் படித்த பள்ளிக்கூடம் எது? கைக்குழந்தையாகத் தூக்கிவந்தோம், ஏது பள்ளிக்கூடம். "நான் அந்த ஊர்க்காரிங்குது டீச்சர், ஆனா அந்த ஊர்ல எங்கேயுமே இல்லைங்குது" என்று அவள் முகம் சுருங்க, "அதுக்குப் பேருதான்டி வெளிநாட்டுல இருக்கிற பிரஜை. அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கும், தேடு" என்றார் டீச்சர். தேடும்போதே மழை வந்து கரண்ட் போனது. திரும்பி வந்ததும் மறுபடி முதலிலிருந்து, நீ கனடாக்காரியா என்றது. இல்லைன்னு சொல்லிடேன்டி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தொப்புள்கொடி எங்கே புதைந்திருக்கிறது என்று கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பாள், நீ பஞ்சில் சுற்றி அங்கிருந்து கொண்டுவந்து நம் வீட்டுக்குப் பின்னால் புதைத்து மேலே தென்னை வைத்தாயே, அந்த இடம் என்று. அதைக் கேட்க அவர்களிடம் கட்டம் இல்லை.

பிறகு கனடா பாஸ்போர்ட்டுக்குப் புது போட்டோ. சிரிக்கக் கூடாதாம். நம் ஆட்களிடம் போய்ச் சொல்கிற விஷயமா இது? சந்தையிலிருந்து உன் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் ஸ்டூடியோவுக்கு வந்து, சிரிக்காதே சிரிக்காதே என்று சொல்லியே அவளைச் சிரிக்க வைத்தார்கள். போட்டோக்காரன் எங்கள் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். கடைசியில் ஒன்று சிரிக்காமல் வந்தது. வாங்கிப் பார்த்தேன், கம்பளி. சிரிக்காதபோது அவள் முகம் நீ.

இனிதான் முக்கியமான சேதி. நம் வீட்டுப் பக்கம் போன் எடுக்காது என்பதால், மனுவில் உன் அக்காவின் நம்பரைக் கொடுத்திருந்தாள். அக்கா பெயரைத்தானே மகளுக்கு வைத்தாய், வாசிதி என்று. பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்று என்பது நம் வழக்கம், பால்பல் முளைக்காத மகளையே "அக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்டவன் நீ. போன செவ்வாய்க்கிழமை பெரிய வாசிதி கிழங்குப் பலகைக்குப் பின்னாலிருந்து என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள். முகமெல்லாம் பெருமை. "கனடாவுலேர்ந்து ஒரு பொண்ணு எனக்குப் போன் பண்ணா தோரிகா. வாசிதியான்னு கேட்டா. வாசிதிதான்னேன், பொய்யா சொல்ல முடியும்? என் படிப்பை விசாரிச்சா, ஆறாம் கிளாஸ்னு சொன்னேன். ஆறாம் கிளாஸான்னு திருப்பிக் கேட்டா, பாவம், நமக்காக வருத்தப்பட்டிருக்கா. எங்க ஊருக்கு வர்றீங்கதானேன்னா. என் முழங்காலைப் பத்திச் சொன்னேன். நான் வந்துட்டா இந்தக் கிழங்கை யாரு விப்பாங்க, எனக்கு வேணாம் கண்ணு, அந்த இடத்தை வேற யாருக்காச்சும் குடுத்துடுன்னேன். ரொம்ப மரியாதையா வச்சா போனை."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உன் அக்காவுக்குப் புரியவில்லை, டீச்சருக்குத் தெரியாது, மகள் பதில் வரும் வரும் என்று காத்திருக்கிறாள். "நல்லாப் பேசியிருக்கீங்க அண்ணி" என்று சொல்லி ஒரு கட்டு சேப்பங்கிழங்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் என்ன செய்தேன் சொல், போனை எடுத்தது நானா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு ஈரப்பலாக்காய் சுட்டால் ஏற்கெனவே பாதி மிஞ்சுகிறது. அவளும் போய்விட்டால் முழுசாக மிஞ்சும். சாயங்காலம் படலைச் சாத்தும்போது இன்னும் யாராவது வர வேண்டியிருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் என்னை விடவில்லை. நீ வரமாட்டாய், அவளாவது உள்ளே இருக்கிறாளே என்றுதான் சாத்துகிறேன். ஆகவே நம் மகள் எங்கேயும் போகவில்லை, கடவுளே உன் அக்கா வாயால் பேசி முடித்துவிட்டார். நீ நிம்மதியாகத் தூங்கு. உன் இரண்டு அக்காமாரும் உன்னை விசாரித்ததாக நானே எழுதிக்கொள்கிறேன். கர்த்தர் உன்னை வெயில் படும் பக்கமாகப் படுக்க வைக்கட்டும்.

உன் தோரிகா

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. கடிதத்தை மடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். அவளுடைய தென்னைக்கடியில் அவள் உட்கார்ந்திருந்தாள், கொளுத்துகிற வெயிலில் உன் தொப்பியைப் போட்டுக்கொண்டு. என்னடி இது என்றேன். "அங்க குளிருமில்லம்மா. தலை இப்பவே பழகட்டும்" என்றாள். வேர்வை காதோரம் ஒழுகுகிறது.

நேரே உன் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தப்புச் செய்தால் நாம் கொண்டுபோய் வைக்கிற யங்கோனா வேரோடு போய் முறைப்படி யூனிவர்சிட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். டீச்சர் போன் போட்டுக் கொடுக்க, பெரிய வாசிதி பாய் விரித்து, வேரைப் போனுக்கு முன்னால் வைத்து, சம்மணமிட்டுத் தலைகுனிந்து, மன்னிப்பை அரைகுறை இங்கிலீஷில் கேட்கக் கூடாது என்று நம் பாஷையிலேயே எல்லாம் சொன்னாள். டீச்சர் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப எந்த வாசிதி வர்றாங்க?" என்றாள். "சின்னது. அதைத்தான் உங்க ஊர்ல பெத்தேன்" என்று நானே சொன்னேன், கம்பளி. என் வாயால்தான்.

நேற்றுப் பதில் வந்துவிட்டது, இடம் உண்டு என்று. இந்த வயதில் தனக்குக் கனடாவில் நர்ஸ் படிக்க இடம் கிடைத்துவிட்டதாக உன் அக்கா சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தொப்பியை மகளின் பெட்டியில் வைத்துவிட்டேன், ஆணி காலி. தென்னை நன்றாக இருக்கிறது, இந்த வருஷம் காய் அதிகம். ஒன்று மட்டும் சொல். அவள் தொப்புள்கொடியை அவ்வளவு தூரம் சுமந்துவந்து இங்கே புதைத்தாயே, அது அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்றா, இல்லை, எங்கே போனாலும் திரும்பி வருவாள் என்றா?