இருபத்து நாலு பேர் ஓட வேண்டும்

வேண்டியது இருபத்து நாலு பேர். வந்திருந்தது இரண்டு பேர். அதிலும் ஒருத்தி, தொலைந்துபோன ஆட்டைத் தேடி வந்தவள்.

பூங்கொடி மணி பார்த்தாள். ஆறரை. எட்டு மணிக்கு அவளுடைய பேராசிரியை சிஸ்டர் மேபல் வந்துவிடுவார். கோவில்பட்டி ஊரெல்லையில் இருந்த பள்ளி மைதானத்தில், கரிசல் மண்ணின் மேல், இருபது மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போட்டு வைத்திருந்தாள். தேடப்பட்ட ஆடு அதில் ஒரு கோட்டின் மேல் நின்று, அதைக் காலால் அழித்துக்கொண்டிருந்தது.

பூங்கொடி சென்னைப் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் எக்ஸர்சைஸ் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறாள். ஓடும்போது இதயம் என்ன செய்கிறது, தசை என்ன செய்கிறது, மூச்சு எங்கே போய் நிற்கிறது என்பதெல்லாம் பாடம். அவளுக்கு அந்தப் படிப்பென்றால் உயிர். ஊருக்குத்தான் அது பிடிபடவில்லை. அம்மா முத்துமாரியம்மாள், "ஓடவும் குதிக்கவும் ஒரு காலேஜா?" என்றாள். அங்கே ஒவ்வொரு வகுப்பும் ஜெபத்தோடு தொடங்கும். அந்தப் பழக்கத்தில் பொங்கல் லீவுக்கு வந்தவள் சோற்றில் கை வைக்குமுன் "ஆமென்" என்று சொல்லிவிட்டாள். சாம்பார்க் கரண்டி அம்மா கையிலேயே நின்றுவிட்டது.

அப்பா குருசாமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "மே மாசத்தோட படிப்பு முடியணும். ஒரு நாள் கூடுனாலும் சாத்தூர் மாப்பிள்ளைதான்."

படிப்பு முடிய வேண்டுமென்றால் இந்த ஆய்வு முடிய வேண்டும். நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்க்கிற முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மூச்சு எவ்வளவு தாங்குகிறது என்பதுதான் ஆய்வு. ஸ்பீக்கரில் 'பீப்' என்று சத்தம் வரும். அடுத்த 'பீப்' வருவதற்குள் எதிர்க் கோட்டைத் தொட வேண்டும். போகப் போகச் சத்தம் சீக்கிரம் சீக்கிரமாக வரும். முடியாதவர் நின்றுகொள்ளலாம். சிஸ்டர் மேபல் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பக்கத்துத் தீப்பெட்டி ஆலை மேனேஜரிடம் பெண்களை அனுப்பச் சொல்லித்தான் கேட்டிருந்தாள். அவர் காதில் 'எக்ஸர்சைஸ்' என்பது 'எக்சைஸ்' என்று விழுந்தது. வரி ஆபீஸிலிருந்து ஆள் வந்திருப்பதாக நினைத்து, "இங்கன யாருமே வேலை பாக்கலம்மா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

"என்னட்டி, கோடெல்லாம் போட்டிருக்கே? கபடியா?" என்றாள் ஆட்டுக்காரி. பெயர் கிருஷ்ணவேணி. நாற்பத்தேழு வயது. இருபது வருஷமாகத் தீப்பெட்டியில் குச்சி அடைக்கிறவள்.

பூங்கொடி விஷயத்தைச் சொன்னாள். கிருஷ்ணவேணி இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு வேணும்னாலும் ஓடலாமா?"

"உக்காந்து வேலை பாக்குதவிய யாரா இருந்தாலும் ஓடலாம்க்கா."

"இந்தா வாரேன், இரு" என்று ஆட்டைக்கூட ஓட்டாமல் போய்விட்டாள்.

மிஞ்சிய ஒருத்தி தையல்கடை தௌலத் பேகம். "எனக்கு ஆசையாத்தான் இருக்கு பிள்ளை. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருதேன்" என்று அவளும் நடந்தாள்.

இப்போது மைதானத்தில் ஆடு மட்டும்தான் இருந்தது.

பூங்கொடி பதறிப்போய் மாமா இசக்கிதுரைக்குப் போன் போட்டாள். அவர் ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்கிறவர். தேர்தலில் இருந்து ஜவுளிக்கடை தள்ளுபடி வரை அவர் குரல்தான்.

"நீ கவலைப்படாத. நாலு தெரு சுத்துனேன்னு வையி, நாப்பது பேரு வருவாவ."

"மாமா, உள்ளதை மட்டும் சொல்லுங்க."

"உள்ளதை மட்டும் சொன்னா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாவ. சரி, உனக்காகச் சொல்லுதேன்."

கொஞ்ச நேரத்தில் காற்றில் குரல் வந்தது. "அன்பார்ந்த தாய்மார்களே! பிஸிக்கல் டெஸ்ட்! பெண்களுக்கு மட்டும்! முப்பதிலிருந்து ஐம்பது வயசு வரை! மெட்ராஸில் இருந்து அம்மா நேரில் வந்து பாக்காவ! வாங்க, வாங்க!"

ஏழேகாலுக்கு முதல் பைக் வந்தது. பின்னாலேயே நாலு, பத்து, இருபது பைக். ஒவ்வொன்றிலும் பின்சீட்டில் ஒரு பெண். முன்னால் இருந்த புருஷன்மார் கையில் பிளாஸ்டிக் கவர். கிருஷ்ணவேணியும் தன் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டியின் வண்டியில் வந்து இறங்கினாள். தௌலத் பேகத்துக்கு அவள் கணவர் செய்யது அலி தண்ணீர் பாட்டிலும் குளுக்கோஸ் பாக்கெட்டும் கொண்டு வந்திருந்தார்.

பூங்கொடிக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தபடியே எண்ணினாள். இருபத்து நாலைத் தாண்டியது. நாற்பதைத் தாண்டியது. அப்போதுதான் சங்கிலிப்பாண்டி வந்து அவள் கையில் கவரைத் திணித்தார். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், எட்டாம் வகுப்பு மார்க் ஷீட்.

"இதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?"

"சர்ட்டிபிகேட்டு வேண்டாமா? உயரம்தான் ரெண்டு சென்டிமீட்டர் கொறையும். பாத்துச் செய்யும்மா. உங்கப்பா எனக்கு நல்ல பழக்கம்."

"எதுக்கு உயரம்?"

"போலீஸ் செலக்‌ஷன்தானே?"

பூங்கொடியின் கையிலிருந்த ஸ்டாப் வாட்ச் நழுவிக் கீழே விழுந்தது.

ஆட்டோவோடு வந்து சேர்ந்த மாமாவைத் தனியாக இழுத்துப் போனாள். "மாமா! போலீஸ் வேலைன்னா சொன்னீங்க?"

"சத்தியமா இல்ல. பிஸிக்கல் டெஸ்ட்னேன். ஊரு மத்ததைச் சேத்துக்கிட்டு."

"இப்பவே மைக்குல இல்லைன்னு சொல்லுங்க."

மாமா கூட்டத்தைப் பார்த்தார். பைக்குகளைப் பார்த்தார். சங்கிலிப்பாண்டியின் புஜத்தைப் பார்த்தார். மைக்கை எடுத்தார். "தாய்மார்களே, ஒரு சின்னத் திருத்தம். இது போலீஸ் வேலை இல்லை..." கூட்டம் 'ஏய்' என்று எழுந்தது. மாமா சட்டென்று முடித்தார். "...அதுக்கும் மேல!"

"சி.பி.ஐ.யாம்டே!" என்று யாரோ கத்தினார்கள். பத்து பேர் போனை எடுத்துக் கொழுந்தியாளுக்கும் நாத்தனாருக்கும் சொன்னார்கள். அரைமணி நேரத்தில் நாகலாபுரத்தில் இருந்துகூட ஒரு வேன் வந்துவிட்டது.

பூங்கொடி மைக்கைப் பிடுங்கினாள். "எல்லாரும் கேளுங்க! இது எங்க கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தோட டெஸ்ட்!"

பின்வரிசையில் ஒருவர் தெளிவுபடுத்தினார். "மிஷன்காரங்க வழியாத்தான் எடுக்காவளாம். லஞ்சமே கிடையாதாம்."

கூட்டம் கைதட்டியது.

அவள் அடுத்து வாயைத் திறப்பதற்குள் வெள்ளை அங்கி அணிந்த சிஸ்டர் மேபல், முதல் பூசை முடிந்து, மைதானத்துக்குள் நுழைந்தார். புருஷன்மார் அத்தனை பேரும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள்.

சிஸ்டர் திகைத்துப்போய்ப் பதிலுக்கு ஜெபமாலையோடு கையைத் தூக்கினார். நாகர்கோவில்காரர். முப்பது வருஷமாக ஓட்டத்தையும் இதயத்தையும் பற்றிப் பாடம் நடத்துகிறவர். "பூங்கொடி மக்களே! இருபத்து நாலு கேட்டேன். இது என்ன, திருவிழாவா?"

"எண்பத்தாறு பேர் சிஸ்டர்." பூங்கொடி கீழே கிடந்த ஸ்டாப் வாட்ச்சை எடுத்துத் துடைத்தாள்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! சரி, முதல்ல பிரஷர் பாரு. கூடுதலா இருக்கிறவங்க ஓடப்படாது, உக்காந்து கை தட்டட்டும். மிச்சப் பேரைப் பத்துப் பத்தா விடு."

சம்மதப் படிவத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டதும் ஓட்டம் தொடங்கியது.

முதல் 'பீப்' வந்தபோது பெண்கள் சிரித்ததில் பாதிப் பேர் புறப்படவே இல்லை. இரண்டாவதற்குப் புறப்பட்டார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு ஓடினார்கள். குச்சி அடைத்த கைகள் காற்றை வெட்டின. கரிசல் புழுதி கிளம்பி சிஸ்டரின் வெள்ளை அங்கி சாம்பல் நிறமானது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கோட்டோரம் கூடவே ஓடி, "லெவல் மூணு! விடாதே! லெவல் நாலு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"தௌலத்! திரும்பு! திரும்பு!" என்று செய்யது அலி குளுக்கோஸ் பாக்கெட்டை ஆட்டினார்.

"ஏட்டி, மூச்சைப் பிடிச்சுக்கோ! இன்ஸ்பெக்டரம்மா உன்னத்தான் பாக்காவ!" என்று சங்கிலிப்பாண்டி அலறினார்.

"யாரு இன்ஸ்பெக்டர்?" என்றார் சிஸ்டர்.

"நீங்கதான் சிஸ்டர். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கீங்கல்ல, அதான்" என்றாள் பூங்கொடி.

கிருஷ்ணவேணி ஆறாவது லெவல் வரை தாக்குப்பிடித்தாள். அவளோடு ஓடிய ஒன்பது பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விரட்டினார்கள். அவள் கடைசியாகக் கோட்டைத் தொட்டு மல்லாந்து விழுந்தபோது சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "நாப்பத்தேழு வயசுக்கு இது என்ன இதயம் மக்களே! குதிரை இதயம்லா இது!" பூங்கொடிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. புத்தகத்தில் வரைபடமாகப் பார்த்ததெல்லாம் கண்ணெதிரே மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சங்கிலிப்பாண்டி சிஸ்டரிடம் வந்து கைகட்டி நின்றார். "அம்மா, எந்த ஸ்டேஷன் குடுப்பீங்க? பக்கத்துலயே இருந்தா நல்லா இருக்கும்."

"என்ன ஸ்டேஷன்?"

பூங்கொடி குறுக்கே பாய்ந்தாள். "ரயில்வே ஸ்டேஷன் சிஸ்டர்! நீங்க திரும்பிப் போக எந்த ஸ்டேஷன்ல ரயில் ஏறுவீங்கன்னு கேக்காவ."

"நல்ல மனுஷன்! கோவில்பட்டிதான். நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

சங்கிலிப்பாண்டியின் முகம் மலர்ந்தது. "கோவில்பட்டியே குடுத்துட்டீங்களா! யூனிபார்ம் எப்பம்மா கெடைக்கும்?"

சிஸ்டர் மெல்லத் திரும்பிப் பூங்கொடியைப் பார்த்தார். தேர்வு அறையில் பிட்டு வைத்திருப்பவளைப் பார்க்கிற பார்வை அது. மேஜையில் இருந்த சம்மதப் படிவக் கட்டைக் கையில் எடுத்தார். எண்பத்தாறு கையெழுத்து.

"மக்களே, இதுல கையெழுத்துப் போட்டவங்க எதுக்கு ஓடுதோம்னு தெரிஞ்சுதான் போட்டாங்களா? ஒருத்தர் பொய்யான ஆசையில ஓடியிருந்தாலும் இந்தக் கட்டை நான் தொட மாட்டேன்."

பூங்கொடிக்குச் சாத்தூர் மாப்பிள்ளையின் முகம் மின்னி மறைந்தது. ஒரு வார்த்தை பொய் சொன்னால் போதும். மூன்று வருஷப் படிப்பு அந்த ஒரு வார்த்தையில் நின்றது. ஆனால் ஓடிய பெண்கள் அத்தனை பேரும் வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் புழுதியோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஏமாற்றி வாங்கிய கையெழுத்தில் பட்டம் வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. மைக்கை எடுத்தாள்.

"அக்காமாரே, அண்ணாச்சிமாரே, மன்னிச்சிருங்க. போலீஸ் வேலை கிடையாது. சி.பி.ஐ.யும் கிடையாது. எந்த வேலையும் கிடையாது. இது என் படிப்புக்காக. உங்க மூச்சு எவ்வளவு தாங்குதுன்னு பாக்கத்தான்."

ஆண்கள் பக்கம் இரைச்சல் எழுந்தது. "அப்ப வேலை இல்லையா?" "லீவு நாளும் போச்சு, பெட்ரோலும் போச்சு!" மாமா இசக்கிதுரை ஆட்டோவுக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். பைக்குகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு கிளம்பின. "நடந்தே வந்து சேரு!" என்று சொல்லிவிட்டு சங்கிலிப்பாண்டியும் கவரைப் பிடுங்கிக்கொண்டு போனார். செய்யது அலி மட்டும் குளுக்கோஸ் பாக்கெட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பெண்கள் ஒருத்திகூட நகரவில்லை.

சிஸ்டர் படிவக் கட்டைத் தூக்கிப்பிடித்தார். "உண்மையைச் சொன்னே, சந்தோஷம். ஆனா இது அத்தனையும் குப்பை மக்களே." கிழிக்கப் போனார்.

"கிழிச்சிராதீங்கம்மா!" கிருஷ்ணவேணி எழுந்து ஓடி வந்தாள். சேலையை இன்னும் இறக்கிவிடவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் நாங்க வரலாமான்னு கேக்கலாம்னு இருக்கோம்."

பூங்கொடி தலை குனிந்தாள். "வேலை கிடைக்கும்னு உங்களை ஏமாத்தி ஓட விட்டுட்டேனேக்கா. எப்படி மறுபடியும் வருவீங்க?"

கிருஷ்ணவேணி கடைசி பைக்கும் முக்கு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நாப்பத்தேழு வயசுல எனக்கு எவன் போலீஸ் வேலை குடுப்பான் தாயி? இவளுவ எல்லாத்துக்கும் அது தெரியும். சும்மா ஓடப் போறோம்னா வீட்டுல விடமாட்டாவன்னு, தெருத்தெருவாப் போயி அந்தக் கதையைக் கட்டி விட்டதே நாந்தான்!"